கல்லைக் காட்டினாங்க... பல்லைக் காட்டினோம்!

புதியம்புத்தூர் வந்திருக்கீங்களா பாஸ்? தூத்துக்குடி பக்கம் பஸ் ஏறி, ஓட்டப்பிடாரம் ரோட்டில் வந்தால், எங்க ஊர் வருவதற்கு முன்னாடியே சத்தம் வந்துவிடும். தெருவுக்குத் தெரு தையல் மெஷின். கட்டிங் மாஸ்டர் ஒரு பக்கம், காஜா எடுக்கிறவர் ஒரு பக்கம், ஓவர்லாக் ஓட்டுற அக்கா ஒரு பக்கம். ரெடிமேட் துணிதான் எங்க ஊருக்குச் சோறு.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். தெரிஞ்ச யூனிட் ஒன்றில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய வீடியோ வந்து விழுந்தது. பிரசார வேன், கூட்டம், கையில் ஒரு செங்கல். ஆமா, அதே செங்கல்தான்! நான் சிரிச்சேன். பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்துச் சிரிச்சான். கட்டிங் மாஸ்டரும் சிரிச்சார்.

ஓவர்லாக் அக்கா மட்டும் மெஷினை நிறுத்திட்டுக் கேட்டாங்க...

"அது சரி தம்பி, அந்த ஆஸ்பத்திரியைக் கட்டிட்டாங்களா?"

மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். பதில் யாருக்கும் தெரியலை. அந்த வீடியோவை நான் குறைந்தது 50 பேருக்காவது ஃபார்வர்டு பண்ணியிருப்பேன். ஆனா பதில் தெரியலை. பயங்கர பல்பு!

அன்றைக்கு ஆரம்பிச்ச தேடல்தான் இந்தக் கட்டுரை. அரசியல்வாதிகள் நம்மைச் சிரிக்க வைக்கிறாங்க, மொபைலுக்குள்ளேயே வந்து 'ஹாய்' சொல்றாங்க. நல்லதுதான். சிரிச்சு முடிச்ச பிறகு நமக்குக் கையில் என்ன மிஞ்சுது? வாங்க, பார்க்கலாம்.

ஒரு செங்கல்லின் கதை

2021 மார்ச் மாதம். சட்டசபைத் தேர்தல் சூடு. அப்போது தி.மு.க. இளைஞரணிச் செயலாளராக இருந்த உதயநிதி ஸ்டாலின் சாத்தூரில் பிரசாரம் பண்ண வந்தார். மதுரையில் எய்ம்ஸ் மருத்துவமனை கட்டறதா சொன்னாங்களே, அதை நான் கையோடு எடுத்துக்கிட்டே வந்துட்டேன் என்கிற மாதிரிச் சொல்லி, ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. சாயங்காலத்துக்குள் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் அந்தச் செங்கல் பறந்தது.

இதில் நம்ம கரிசல் காட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எய்ம்ஸ் இடத்திலிருந்து செங்கல்லைத் திருடிட்டார்னு அவர்மேல் புகார் போன இடம் எது தெரியுமா? நம்ம விளாத்திகுளம் போலீஸ் ஸ்டேஷன்! புகார் கொடுத்தது பா.ஜ.க. பிரமுகர் ஒருத்தர். செங்கல் ஒரு காமெடி என்றால், புகார் அதைவிடக் காமெடி. புகார் கொடுத்த பிறகு அந்த வீடியோவைப் பார்க்காதவங்களும் தேடிப் பிடிச்சுப் பார்த்தாங்க. இலவச விளம்பரம்!

அப்போது நான் பத்தாம் வகுப்பு. ஓட்டு கிடையாது. ஆனா ஃபார்வர்டு பண்ற விரல் இருந்தது.

சரி, செங்கல்லுக்குப் பின்னாடி இருந்த விஷயம் என்ன? 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஒரு எய்ம்ஸ் என்று அறிவிச்சாங்க. எந்த ஊரில் என்று முடிவாகவே மூணு வருஷம். 2018இல் மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூர் என்று முடிவு. 1,264 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2019 ஜனவரி 27ஆம் தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். அதுக்கப்புறம் பெரிய அமைதி. திட்டச் செலவில் பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடமிருந்து கடனாக வரணும். அந்தக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானதே 2021 மார்ச்சில்தான். அதாவது, செங்கல் மேடை ஏறின அதே மாசம்!

இங்கேதான் நம்ம மூளை வேலை செய்யணும். 'அடிக்கல் நாட்டி ரெண்டு வருஷம், கட்டடம் எங்கே?' - இது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை ஒரு செங்கல் பத்து செகண்டில் கேட்டுருச்சு. பத்து பக்க அறிக்கையால் முடியாத வேலை. ஆனா 'ஏன் தாமதம், யார்கிட்ட கடன், எப்போ கையெழுத்து?' இதெல்லாம் செங்கல்லில் எழுத முடியாது. அதை எழுதினா யாரும் சிரிக்கவும் மாட்டாங்க. ஜோக்கின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

தேர்தல் முடிவு? சாத்தூர், விளாத்திகுளம், எங்க ஓட்டப்பிடாரம் மூணிலும் தி.மு.க. கூட்டணி ஜெயிச்சது. நடுவில் இருக்கிற கோவில்பட்டியில் அ.தி.மு.க.வின் கடம்பூர் ராஜூ ஜெயிச்சார். ஒரே வீடியோ, ஒரே வாட்ஸ்அப், ஒரே கரிசல் மண். பக்கத்துப் பக்கத்துத் தொகுதியில் வேற வேற ரிசல்ட். சிரிச்சவங்க எல்லாம் அப்படியே ஓட்டாக மாறலை.

மீமுக்குத் தாத்தா நம்ம எட்டயபுரம்!

"மீம்ஸ் எல்லாம் இந்தக் காலத்துப் பசங்க கண்டுபிடிச்சது" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் 1906லேயே ஆரம்பிச்சு வெச்சுட்டார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார்தான் அவர்!

சென்னையிலிருந்து வந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரம் போட்டார் பாரதி. தமிழ்ப் பத்திரிகையில் அதுதான் முதல் முயற்சி. ஒரு படம், கீழே கொஞ்சம் விளக்கம். வெள்ளைக்கார அரசாங்கத்தைச் சும்மா வறுத்து எடுத்தார். அதே வருஷம் இன்னொரு பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். ஒருத்தர் கப்பல் விட்டார், ஒருத்தர் கலாய்த்தார்!

அந்தக் கலாய்ப்புக்கு விலை இருந்தது. 1908இல் 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் கைதானார். பாரதி புதுச்சேரிக்குப் போக வேண்டி வந்தது.

இப்போ யோசிங்க. அன்றைக்குக் கேலி கீழேயிருந்து மேலே போனது. ஆட்சியில் இருக்கிறவனைப் பார்த்து, பவர் இல்லாதவன் சிரிச்சான். இன்றைக்கு நமக்கு வருகிற பாதி ஜோக்குகளைக் கட்சிகளே தயார் பண்ணி மேலேயிருந்து கீழே அனுப்புது. நாம் சிரிக்கிறது நம்ம சிரிப்பா, இல்லை யாரோ ஆர்டர் கொடுத்துத் தைச்ச ரெடிமேட் சிரிப்பா? ரெடிமேட் ஊர்க்காரன் கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க!

வைகைப்புயல் வாங்கின அடி

சிரிக்க வெச்சா ஓட்டு நிச்சயம் என்று நம்புகிறவங்க, 2011ஐ ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்காக வடிவேலு பிரசாரத்தில் இறங்கினார். விஜயகாந்தை ஊர் ஊராகப் போய்க் கிண்டல் பண்ணினார். போன இடமெல்லாம் கூட்டமான கூட்டம். டி.வி.யில் அவர் பேச்சு ஓடினா தெருவே நின்று பார்த்தது.

ரிசல்ட் வந்தது. தி.மு.க.வுக்கு 23 இடம். விஜயகாந்தின் தே.மு.தி.க.வுக்கு 29. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலு? அடுத்த சில வருஷம் சினிமாவில் அவரைப் பார்ப்பதே அபூர்வமாகிப் போச்சு.

கூட்டம் சிரிக்க வந்தது. சிரிச்சது. கைதட்டினது. அப்புறம் போய் தன் இஷ்டப்படி ஓட்டு போட்டுட்டு வந்துருச்சு. ஜனங்க அவ்வளவு விவரம்!

இதில் பெரிய வேடிக்கை எது தெரியுமா? அரசியல் காமெடியால் அடிவாங்கின அதே வடிவேலுதான் இன்றைக்குத் தமிழ் அரசியல் மீமின் தாய்மொழி. எந்தக் கட்சி, எந்தக் கட்சியைக் கலாய்த்தாலும் மூஞ்சி அவருடையது. 2019 மே மாதம் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து நேசமணிக்காக உலகமே 'பிரார்த்தனை' பண்ணுச்சே... மோடி ரெண்டாவது முறை பிரதமராகப் பதவியேற்ற நேரத்தில், தமிழ்ப் பசங்க சுத்தியல் விழுந்த மண்டைக்காக அழுதுக்கிட்டிருந்தாங்க. எந்த ஐ.டி. விங்கும் ஆர்டர் கொடுக்காத சிரிப்பு அது. அதனால்தான் இன்றைக்கும் நினைவிருக்கு.

தெர்மாகோலும் நம்ம கண்மாயும்

இப்போ இன்ஜினீயரிங் பசங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. 2017 ஏப்ரல் 21. வைகை அணை. தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜூ தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார். காற்று வந்தது, தெர்மாகோல் கரைக்கு வந்தது. மீம் மழை கொட்டியது. நாங்களும் ஸ்கூலில் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

ஆனா காலேஜ் வந்த பிறகுதான் தெரிஞ்சது. நீர்ப்பரப்பை மூடுறது ஒன்றும் லூசுத்தனம் இல்லை. 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினாங்க. வெயில் பட்டுத் தண்ணீரில் நடக்கும் வேதிவினையைத் தடுக்கத்தான் முக்கியமாக. கூடவே ஆவியாகிறதும் குறையும். பந்தின் எடை, நீர்ப்பரப்பின் அளவு எல்லாம் கணக்குப் போட்டுச் செய்த வேலை. வைகையில் தப்பு, எண்ணத்தில் இல்லை; காற்றைக் கணக்கில் எடுக்காததில்.

எங்க ஊர் வானம் பார்த்த பூமி. கண்மாயில் கிடக்கிற கொஞ்சத் தண்ணீரும் கண்ணு முன்னாடியே வத்திப் போவதைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. 'ஆவியாகிற தண்ணீரை எப்படிக் காப்பாத்தறது?' என்று கேட்க வேண்டிய முதல் ஆட்கள் நாங்கதான். நாங்களும் தெர்மாகோல் மீமை ஷேர் பண்ணிட்டுத் தூங்கிட்டோம். கேள்வியும் தெர்மாகோலோடு சேர்ந்து கரை ஒதுங்கிருச்சு.

அந்த அளவுக்குக் கலாய்க்கப்பட்ட செல்லூர் ராஜூ, 2021இல் மதுரை மேற்குத் தொகுதியில் மறுபடியும் ஜெயிச்சார் என்பது கூடுதல் தகவல். மீமுக்கும் ஓட்டுக்கும் நேர்க்கோடு கிடையாது பாஸ்!

ஜோக்குக்குப் பில் யார் கட்டறது?

2020 பிப்ரவரியில் ஸ்டாலினே வெளிப்படையாக அறிவிச்சார், பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் நிறுவனம் தி.மு.க.வுக்கு வேலை செய்யப்போகுது என்று. அதற்கு முன்னாடி 2016இல் பா.ம.க. 'மாற்றம் முன்னேற்றம் அன்புமணி' என்று கலர் கலராகக் கார்ப்பரேட் ஸ்டைலில் இறங்கியது. அந்த வாசகம் ஊர் முழுக்கப் பிரபலம். அதை வெச்சு வந்த கிண்டல் அதைவிடப் பிரபலம். ஆனா ஒரு இடம்கூட ஜெயிக்கலை. இன்றைக்கு எல்லாக் கட்சியிலும் ஐ.டி. விங் இருக்கு. அங்கே வேலை பார்க்கிறதில் பலர் நம்ம செட் பசங்கதான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 2013 அக்டோபரிலேயே தேர்தல் கமிஷன் தெளிவாகச் சொல்லிடுச்சு. சோஷியல் மீடியாவில் விளம்பரம் பண்ற செலவு மட்டுமில்லை, அதுக்கு விஷயம் தயார் பண்றவங்களுக்குக் கொடுக்கிற சம்பளமும் தேர்தல் செலவுக் கணக்கில் வரணும். அதாவது சம்பளத்துக்கு மீம் போடறவர் கணக்கும் காட்டப்படணும். நம்மை மாதிரிப் பெரிய மாநிலத்தில் சட்டசபை வேட்பாளருக்கு 2022இல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். ஆனா கட்சி பண்ற செலவுக்கு உச்சவரம்பே இல்லை! சட்டம் ஒரு கதவைச் சாத்தி, பக்கத்திலேயே பெரிய கேட்டைத் திறந்து வெச்சிருக்கு.

ஆக, உங்க மொபைலுக்கு வருகிற ஜோக் இலவசம் கிடையாது. யாரோ காசு கொடுத்திருக்காங்க. உங்க சிரிப்புதான் அவங்களுக்கு லாபம்.

2025 பிப்ரவரியில் 'கெட் அவுட் மோடி', 'கெட் அவுட் ஸ்டாலின்' என்று ரெண்டு ஹேஷ்டேக் மோதினது ஞாபகம் இருக்கா? காலையில் எழுந்ததும் நம்ம ஹாஸ்டலில் ஸ்கோர் கேட்டாங்க, ஏதோ கிரிக்கெட் மாதிரி. விஜய் தன் கட்சி விழாவில் 'ராங் ப்ரோ' என்று ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கலாய்த்தார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் மதுரை மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலினை 'அங்கிள்' என்று கூப்பிட்டார். விசில் பறந்தது. சண்டையின் மையத்தில் இருந்தது என்ன? மும்மொழி விவகாரமும், பள்ளிக் கல்விக்காகத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயும். யாரோட ஹேஷ்டேக் ஜெயிச்சது என்று எல்லாருக்கும் தெரிஞ்சது. அந்தப் பணத்தைப் பற்றி என் கிளாஸில் கேட்டப்போ, ரெண்டே பேர்தான் கை தூக்கினாங்க.

சிரிச்சதுக்கு வருத்தப்பட்ட நாள்

இது கொஞ்சம் கனமான பாரா. தாண்டிப் போயிடாதீங்க.

2016 தேர்தல் சமயத்தில் தமிழ் மீமின் ஹீரோ யார்? விஜயகாந்த். அவர் பேச்சு குழறினது, தடுமாறினது, கோபப்பட்டது... எல்லாமே நமக்கு மெட்டீரியல். அதுக்குப் பின்னாடி உடம்பு சரியில்லாத ஒரு மனுஷன் இருந்தார் என்பதை யாரும் யோசிக்கலை. அந்தத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கலை. அவர் தோற்றதுக்குக் கூட்டணி, கட்சி என ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனா அவரை 'சீரியஸாக எடுத்துக்க வேண்டாத ஆள்' ஆக்கினதில் நம்ம விரல்களுக்கும் பங்கு உண்டு.

2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். அன்றைக்கு மீம் போட்ட கைகளே, 'மன்னிச்சிருங்க கேப்டன்' என்று எழுதின. அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றியும் செஞ்ச உதவியைப் பற்றியும் ஊரே பேசியது. எல்லாம் சரி, கேட்க வேண்டியவர் இல்லையே!

ஒருத்தர் செஞ்ச வேலையைக் கலாய்க்கிறது வேற. ஒருத்தரோட உடம்பைக் கலாய்க்கிறது வேற. செங்கல்லும் தெர்மாகோலும் முதல் வகை. கேப்டனுக்கு நாம் செஞ்சது ரெண்டாவது வகை.

அட்ரஸ் உள்ள ஜோக்!

அப்போ அரசியல்வாதி ஜோக் அடிக்கவே கூடாதா? அப்படிச் சொல்லலை. நல்ல உதாரணம் ஒன்று பாருங்க.

2014 மார்ச். அமெரிக்க அதிபர் ஒபாமா, ஒரு காமெடி நடிகரின் இணைய நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தார். பேட்டி எடுக்கிறவர் அதிபரை அசிங்கப்படுத்துற மாதிரி மொக்கைக் கேள்வியாகக் கேட்டார். ஒபாமாவும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தார். ஆனா நடுவில் ஒரு விஷயம் சொன்னார். மருத்துவக் காப்பீட்டில் சேர இந்த இணையதளத்துக்குப் போங்க, மாசக் கடைசிதான் கெடு என்று. வீடியோ வந்த அன்றைக்கு, முந்தின நாளைவிட 40 சதவீதம் அதிகமான பேர் அந்த இணையதளத்துக்குப் போனாங்க.

அந்த ஜோக்குக்கு ஒரு அட்ரஸ் இருந்தது. சிரிச்சவன் எங்கே போகணும், என்ன செய்யணும் என்று தெரிஞ்சுது. நம்ம ஊரில் ஜோக் இருக்கு, அட்ரஸ் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் அதே செங்கல் மறுபடியும் மேடை ஏறியது. மூணு வருஷமாக ஒரே கல்லையே காட்டறாரே என்று எடப்பாடி பழனிசாமி கிண்டல் பண்ணினார். உடனே அவர் மோடியோடு சிரிக்கிற போட்டோவை உதயநிதி காட்டினார், நான் கல்லைக் காட்டறேன், நீங்க பல்லைக் காட்டறீங்க என்கிற அர்த்தத்தில். பதிலுக்கு இந்தப் பக்கமும் ஒரு போட்டோ வந்தது. கல், பல், கல், பல் என்று ஒரு வாரம் செம ஜாலி. அதைப் பார்த்து நாமும் பல்லைக் காட்டினோம். தோப்பூரில் என்ன நடக்குது என்று எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சிரிச்சு முடிச்சாச்சா? அடுத்து இதைச் செய்ங்க!

* அரசியல் மீம் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: இது எந்தப் பிரச்னையைப் பற்றி? பதில் தெரியலைன்னா முதல்ல அதைத் தேடுங்க.

* ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் அரசியல் விளம்பரத்தில் யார் காசு கொடுத்தாங்க என்கிற வரி இருக்கும். அந்த நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் செலவு விவரத்தையும் பார்க்கலாம்.

* வேட்பாளர் தாக்கல் பண்ற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். அவரோட சோஷியல் மீடியா கணக்கு விவரமும் இருக்கும். தேர்தல் கமிஷன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

* 17 வயசு முடிஞ்சாலே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஃபார்ம் 6. நம்ம நாட்டில் ஓட்டு வயசு 21லிருந்து 18 ஆனது 1989இல்தான். நம்ம அப்பா, அம்மா காலத்தில் கிடைச்ச உரிமை, கட் அடிச்சிடாதீங்க.

* உடம்பு, நிறம், ஜாதி, குடும்பத்துப் பெண்கள்... இதை வெச்சு ஜோக் வந்தா உங்க போனோடு நிற்கட்டும்.

லீவு முடியறதுக்குள் எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சேகரிச்சுக்கிட்டு அந்த யூனிட்டுக்குத் திரும்பப் போனேன். அக்காகிட்ட ஒப்பிச்சேன். 2015இல் அறிவிச்சாங்க, 2019இல் கல் நட்டாங்க, கட்டட வேலை ஆரம்பிச்சது 2024இல். நடுவில் 2022லேயே முதல் செட்டில் 50 பேரை எம்.பி.பி.எஸ். சேர்த்தாங்க. கட்டடம் இல்லாததால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வெச்சுப் பாடம் எடுத்தாங்க என்று மூச்சு விடாமல் சொல்லி முடிச்சேன். வைவாவில்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அக்கா நூலைக் கோர்த்துக்கிட்டே கேட்டாங்க.

"பிள்ளைங்க படிக்கப் போயிட்டாங்க, சந்தோஷம். நமக்கு ஒண்ணுன்னா போய்ப் படுக்கிறதுக்குக் கட்டில் எத்தனை போடுவாங்க, என்னைக்குப் போடுவாங்க? ஓட்டு கேட்டு வாறவங்ககிட்ட அதைக் கேளு தம்பி. கல்லு வேண்டாம், தேதி கேளு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கலை. மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பிச்சது.